இரண்டாயிரம் பனிச்செவி

தங்கை (மனதுக்குள்): அவளாகச் சொல்லட்டும். நான் கேட்கக் கூடாது. இந்த அறைக்குள் எப்போது வந்தாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு வருகிறவள் இன்று பொத்தவில்லை. உட்கார் என்று சொல்வதற்குள் உட்கார்ந்தும்விட்டாள். கைப்பையை மேஜைமேல் வைக்காமல் மடியிலேயே இறுக்கி வைத்திருக்கிறாள். சொல்லத்தான் வந்திருக்கிறாள். கொஞ்சம் பொறுத்தால் சொல்லிவிடுவாள்.

அக்கா: ...நான் பாட்டுக்குப் பேசிட்டே இருக்கேன், நீ எங்கேயோ இருக்கே.

தங்கை: இங்கதான்க்கா இருக்கேன். சொல்லு.

அக்கா: கடைசியா என்ன சொன்னேன்?

தங்கை: இந்தப் பேனா எழுதும், இதையே வெச்சுக்கோன்னு சொன்னே.

அக்கா: அதுக்கு முன்னாடி?

தங்கை: நாலாவது பக்கத்தில கையெழுத்துப் போடுன்னே. அதுக்கு முன்னாடி, இளைச்சுட்டேன்னே.

அக்கா: இளைச்சுத்தான் போயிருக்கே. இந்த அந்துருண்டை நாத்தத்தில எப்படிடீ உனக்குச் சாப்பாடு இறங்குது? காய்ஞ்ச செடிங்களோடயே கெடந்து கெடந்து, உன்னையும் ஒரு தாள்ல வெச்சு ஒட்டற பதத்துக்கு வந்துட்டே.

தங்கை: ஒட்டி எந்த அலமாரியில வெப்பே?

அக்கா: கடைசி அலமாரி. 'பூத்ததாகத் தகவல் இல்லை'ன்னு ஒரு சீட்டு எழுதி.

தங்கை: காலங்காத்தால ஆரம்பிச்சுட்டியா...

அக்கா: சிரிச்சே இல்ல, அது போதும். போடு.

தங்கை: படிக்க வேண்டாமா?

அக்கா: நீ எழுதினதைத்தானே டைப் அடிச்சிருக்கு. உன் எழுத்தை நீயே படிச்சு என்ன ஆகப்போகுது?

தங்கை: மூணு பக்கம் நான் எழுதினது. நாலாவது?

அக்கா: அது... எல்லாரும் பேசிச் சேர்த்தது.

தங்கை: "எதிர்மலைச் சரிவில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பனிச்செவிச் செடிகள் உள்ளன. அவை விதை மூலம் தாமாகவே பரவி வருகின்றன. ஆகவே அழிவின் விளிம்பில் உள்ள தாவரங்களின் பட்டியலிலிருந்து பனிச்செவியை நீக்கலாம்." இதை நான் எழுதலியே.

அக்கா: ஏன், ரெண்டாயிரம் பொய்யா? என் தோட்டத்துக்கு வா, எண்ணிக் காட்டறேன்.

தங்கை: ரெண்டாயிரம் நிஜம். எல்லாம் நீ நட்டது.

அக்கா: நட்டா செடி இல்லியா? பெத்த பிள்ளைதான் பிள்ளை, வளர்த்த பிள்ளை பிள்ளையில்லன்னு யாருடீ சொன்னது?

தங்கை: வளர்த்த பிள்ளையும் கணக்குதான். அதுக்கு ஒரு பிள்ளை பொறந்தா. நட்ட செடி விதை போட்டு, அந்த விதை யாரும் தொடாம தானா முளைச்சு நிக்கணும். அதுதான் விதி. உனக்குத் தெரியாததா? நீதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தே.

அக்கா: சொல்லிக் கொடுத்தவகிட்டயே பாடம் நடத்து.

தங்கை: 'தாமாகவே பரவி வருகின்றன'ன்னு எழுதியிருக்கே. எங்கேக்கா பரவியிருக்கு? ஒரு நாத்து, ஒரே ஒரு நாத்து காட்டு.

அக்கா: பரவும். இன்னிக்கு இல்லன்னா நாளைக்கு. ஒரு வார்த்தைடீ அது. 'பரவும்'னு எழுதறதுக்குப் பதிலா 'பரவுது'ன்னு எழுதிட்டாங்க.

தங்கை: பட்டியல்லேர்ந்து எடுத்துட்டா என்ன ஆகும், சொல்லு.

அக்கா: பனிச்செவி பொழைச்சுதுன்னு அர்த்தம். ஒரு இனம் அந்தப் பட்டியலை விட்டு வெளியில வர்றது எத்தனை பேர் ஆயுசில நடக்கும்? சந்தோஷப்படணும் நீ.

தங்கை: அது தோட்டத்துச் செடிக்கு. மலை ரோட்டு மூணாவது வளைவுக்கு என்ன ஆகும்?

அக்கா: ரோடு அகலமாகும்.

தங்கை: வளைவுக்கு மேல இருக்கிற பாறை?

அக்கா: ...கொஞ்சம் செதுக்குவாங்க.

தங்கை: மலையில தானா முளைச்ச பனிச்செவி மொத்தமும் அந்தப் பாறையில இருக்கு. வேற எந்த மலையிலயும் ஒண்ணு கெடையாது. பட்டியல்ல பேர் இருக்கிறதாலதான் இத்தனை வருஷமா அதைத் தொட முடியல. இந்தக் கையெழுத்து விழுந்தா நாளைக்கே தொடலாம். அப்படித்தானே?

அக்கா: நீ சொல்றப்ப நான் ஏதோ கொலைக்கு ஆள் கூட்டிட்டு வந்த மாதிரி இருக்கு. அந்த வளைவில ரெண்டு வண்டி எதிரெதிரா வந்தா ஒண்ணு பின்னாடியே போகணும், தெரியுமில்ல? மழை நாள்ல ஒருத்தி பிரசவத்துக்கு இறங்கினா, நடுவழியிலயே பெத்துக்கறா. மேல இருக்கிற ஜனங்க என்னைப் பாத்தா என்ன கேக்கறாங்க தெரியுமா? "உங்க செடிக்குக் காது இருக்காமே, எங்க பேச்சைக் கேக்குமா?"ன்னு கேக்கறாங்க.

தங்கை: நல்லாத்தான் கேட்டிருக்காங்க.

அக்கா: சிரிப்பா இருக்கில்ல உனக்கு? தினமும் அவங்க முகத்தைப் பாக்கறவ நான்.

தங்கை: சிரிக்கல. வளைவை அந்தப் பக்கமா, ஓடை மேல ஒரு பாலம் போட்டுத் திருப்பலாம்னு ஒரு வரைபடம் இருந்துதே. அது எங்க போச்சு?

அக்கா: அதைக் கேக்கற எடத்தில நான் இல்ல. நான் செடி வளர்க்கறவ.

தங்கை (மனதுக்குள்): செடி வளர்க்கிறவள். அது பொய்யில்லை. உறைபனி விழுந்த ஒரு மாதம் முழுதும் தன் வீட்டுப் போர்வைகளைக் கொண்டுபோய் நாற்றுகளுக்குப் போர்த்தியவள். இவளைப்போல ஒரு செடியைத் தொட எனக்கு வராது. நான் தொட்டால் அது காய்ந்து தாளுக்கு வரும். இவள் தொட்டால் வேர்விடும். அதனால்தான் இவ்வளவு காத்திருக்கிறேனோ?

அக்கா: என்ன யோசனை?

தங்கை: ஒண்ணுமில்ல. ஒன்பது வருஷம் ஆச்சு இல்ல, நீ நட்டு? இந்த வருஷம் பூத்திருக்கணுமே.

அக்கா: பூக்கல.

தங்கை: ஒண்ணு கூடவா?

அக்கா: தோட்டத்துச் செடிங்க சோம்பேறிங்கடீ. வேளாவேளைக்குத் தண்ணி, தலைக்கு மேல நிழல்வலை... நம்ம வீட்டுப் பசங்க மாதிரிதான். முப்பது வயசானாலும் பொறுப்பு வராது.

தங்கை: ரெண்டாயிரமும் சேர்ந்தாப்பல சோம்பலா?

அக்கா: நீ இப்ப என்னை விசாரிக்கறியா?

மேஸ்திரி: மேடம்... உள்ள வரலாமா? அட, ரெண்டு மேடமும் இருக்கீங்க. நல்லதாப் போச்சு.

அக்கா: இங்க எதுக்கு வந்தீங்க மேஸ்திரி? தோட்டத்துக்கு நானே வர்றேன்னு சொன்னேனே?

மேஸ்திரி: போன் பண்ணினேன் மேடம், எடுக்கல. ஆளுங்க கையைக் கட்டிட்டு நிக்கறாங்க. மேல் பாத்தி முழுக்க மறுபடி மொட்டு விட்டிருக்கு. கிள்ளிடட்டுமா?

அக்கா: ...அப்புறம் பேசலாம்.

மேஸ்திரி: இல்ல, நாளைக்குப் பாக்க வர்றவங்க வராங்கன்னு சொன்னீங்க. போன தடவை மாதிரி ஒண்ணு ரெண்டு விட்டுப்போயி மலர்ந்துட்டா அப்புறம் எங்களைத் திட்டுவீங்க. கிள்ளினதைப் போன தடவை மாதிரியே குழி தோண்டிப் புதைச்சிடறோம்.

தங்கை: போன தடவை எப்ப மேஸ்திரி?

மேஸ்திரி: மழை விட்டதும் ஒரு தடவை. அப்புறம் ஒரு தடவை. இது மூணாவது, சின்ன மேடம். கிள்ளக் கிள்ள விட்டுட்டே இருக்கு. நல்லா வாழணும்னு வைராக்கியம் புடிச்ச செடி.

அக்கா: நீங்க போங்க மேஸ்திரி.

மேஸ்திரி: கிள்ளட்டுமா, வேண்டாமா மேடம்?

அக்கா: போங்கன்னு சொல்றேன்ல!

மேஸ்திரி: ...சரிங்க. வர்றேன் சின்ன மேடம்.

தங்கை: கதவைச் சாத்திட்டுப் போங்க மேஸ்திரி.

அக்கா: மொதல் வருஷத்து மொட்டைக் கிள்ளி விடறது வழக்கம்தான். செடி தெம்பாகும். எந்தத் தோட்டக்காரனைக் கேட்டாலும் சொல்லுவான்.

தங்கை: கிள்ளுவாங்க. புதைக்க மாட்டாங்க.

அக்கா: ...தண்ணி இருக்கா?

தங்கை: இந்தா. மெதுவா... புரையேறப் போகுது.

அக்கா: மொத மொட்டை நான்தான் பார்த்தேன். நாலு நாள் அது பக்கத்திலயே ஸ்டூல் போட்டு உக்காந்திருந்தேன். பைத்தியம்னு நெனச்சிருப்பான் மேஸ்திரி. மலர்ந்துச்சு... வெள்ளையா, ஒரு சின்ன மூக்குத்தி அளவுக்கு. லென்ஸை வெச்சுப் பார்த்தேன். தூள் கொட்டுது. நடுவில ஒண்ணுமில்ல.

தங்கை: ஆண் பூ.

அக்கா: ஆண் பூ. சரி, பனிச்செவியில ஆண் செடி வேற, பெண் செடி வேறன்னு தெரிஞ்ச கதைதானே, இது ஆண், அடுத்தது பெண்ணா இருக்கும்னு அடுத்த செடிக்குப் போனேன். அதுவும் ஆண். அதுக்கடுத்தது... ஒரு வாரம்டீ. பாத்தி பாத்தியா குனிஞ்சு பார்த்தேன். இடுப்பு ஒடிஞ்சு போச்சு.

தங்கை: ரெண்டாயிரமும்?

அக்கா: ரெண்டாயிரமும் மாப்பிள்ளைங்க. ஒரு பொண்ணு கெடையாது. மலர்ந்தா பாக்க வர்றவங்களுக்கும் தெரிஞ்சுடும்னுதான் கிள்ளச் சொன்னேன்.

தங்கை: எல்லாம் ஒரே செடியில எடுத்த போத்தா?

அக்கா: விதை எடுத்தேன், முளைக்கல. அதனால தண்டை வெட்டி, போத்து வெச்சு வளர்த்தேன். பாறையில இருந்ததிலயே நல்லா கொழுத்த செடியாப் பார்த்து, அதுலேர்ந்து வெட்டினேன். அப்ப பூக்கிற காலம் இல்ல, ஆணா பெண்ணா தெரியாது. எந்தத் தோட்டக்காரியும் அப்படித்தாண்டீ செய்வா. நோஞ்சான் செடியில எவ போத்து வெட்டுவா?

தங்கை: காய்க்கிற பாரம் இல்ல, அதான் கொழுத்திருக்கு.

அக்கா: இப்ப தெரியுது. பெத்து வளர்க்கற பாரம் இல்லாததுங்கதானே எங்கேயும் கொழுகொழுன்னு நிக்கும்...

தங்கை: சிரிக்கிறியா அழறியா?

அக்கா: தெரியல. உங்க மாமா ஆஸ்பத்திரியில இருந்தப்பகூட நான் அதுங்க வேருக்குச் சருகு பரப்பி மூடாக்கு போட்டுட்டு இருந்தேன். அவர் கேட்டார்... "உன் ரெண்டாயிரம் பிள்ளைங்க சௌக்கியமா?"ன்னு. கேலியாத்தான் கேட்டார். சௌக்கியம்னு சொன்னேன். அதான் கடைசியா நாங்க சரியாப் பேசினது.

தங்கை (மனதுக்குள்): இது எனக்குத் தெரியாது. மொட்டுகள் விஷயமும் தெரியாது. ஆனால் நான் காத்திருப்பது இதற்கு இல்லை. இவ்வளவு சொன்னவள், அதையும் சொல்லிவிடுவாள். அழுது முடிக்கட்டும்.

தங்கை: அப்ப அந்த ரெண்டாயிரம்...

அக்கா: உயிரோடதானே நிக்குது! கண்ணு முன்னாடி நிக்குதில்ல?

தங்கை: நிக்கும். ஒவ்வொண்ணா வயசாகிப் படுக்கும். அதுக்கப்புறம் ஒண்ணு வராது. நான் எந்தக் கட்டத்தில எழுதறது அதை? 'உயிரோடு இருக்கிறது, ஆனால் முடிந்துவிட்டது'ன்னு ஒரு கட்டம் அந்தத் தாள்ல இல்லியே.

அக்கா: எதுக்கு எழுதணும்? பெண் செடி பாறையில இருக்கில்ல. அதுல நாலு போத்து வெட்டிட்டு வந்து நட்டா முடிஞ்சுது விஷயம். ஒன்பது வருஷம், மிஞ்சினா பத்து. நீ எழுதினது நிஜமாயிடும். இன்னிக்குப் பொய், நாளைக்கு நிஜம். அவ்வளவுதானே வித்தியாசம்?

தங்கை: அப்ப மொதல்ல வெட்டிட்டு வா. நட்டு, அது காய்ச்சு, விதை முளைக்கட்டும். அப்புறம் போடறேன்.

அக்கா: அவ்வளவு நாள் கெடையாது.

தங்கை: ஏன்?

அக்கா: நான் எழுதிக் கொடுத்துட்டேன்.

தங்கை: என்னத்தை?

அக்கா: 'பாறையை எடுக்கத் தோட்டத்தின் தரப்பில் தடை இல்லை, செடி பட்டியலிலிருந்து நீங்கிவிட்டது'ன்னு. ரோட்டுக்காரங்களுக்கு.

தங்கை: நீங்கலியே.

அக்கா: நீ போட்டுடுவேன்னு நெனச்சேன். நீ எப்பவும் போடுவே. அப்பா சொத்துல போட்டே. மாமாவோட ஆபரேஷனுக்கு எனக்குப் பதிலா நீ போட்டே. என்ன ஏதுன்னு ஒரு தடவை கேட்டதில்ல.

தங்கை: கேட்டிருக்கணும்.

அக்கா: உன்னைப் படிக்க வெச்சவ...

தங்கை: வந்துட்டியா அதுக்கு. இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்னு நெனச்சேன்.

அக்கா: கேலி பண்ணு. நல்லாப் பண்ணு. உன் கையெழுத்து இல்லன்னா நான் எழுதினது பொய்க் கடிதம். ஓய்வு பெறப் போற வயசில என்னைக் கூண்டில ஏத்துவாங்க. 'பனிச்செவி அம்மா'ன்னு படம் போட்ட பேப்பர்லயே இன்னொரு படம் போடுவாங்க. பாத்துட்டு இருப்பியா?

தங்கை: பாத்துட்டு இருக்க முடியாது. உன் பக்கத்தில வந்து நிப்பேன்.

அக்கா: நின்னு? குடை புடிப்பியா?

தங்கை: தெரியலக்கா. ஒண்ணு கேக்கறேன். கடிதம் கொடுத்துட்டே. அவங்க வேலையை ஆரம்பிச்சுட்டாங்களா?

அக்கா: எவங்க?

தங்கை: ரோட்டுக்காரங்க. ஆரம்பிச்சுட்டாங்களா?

அக்கா: இல்ல. இந்தக் காகிதத்துக்குத்தான் காத்திட்டிருக்காங்க. மிஷின் எல்லாம் கீழதான் நிக்குது.

தங்கை: பாறை இருக்கு.

அக்கா: இருக்கு. வேற எங்க போகும்?

தங்கை: உன் போன் அடிக்குது.

அக்கா: அடிக்கட்டும்.

தங்கை: அவங்கதானா?

அக்கா: அவங்கதான். காலைலேர்ந்து அடிக்கறாங்க. நீ அதைப் பாக்காதே, என்னைப் பாரு. இப்படிச் செய்யலாம். நீ போடு. நாளைக்கு விடியறதுக்குள்ள நான் மேல போறேன். மிஷின் ஏறறதுக்கு முன்னாடி பெண் செடியில போத்து வெட்டிட்டு வந்துடறேன். வேணும்னா வேரோட பேத்துட்டு வரேன். உன் தலைமேல கை வெச்சு...

தங்கை: தலைல கை வைக்காதேக்கா.

அக்கா: ஏன், நம்பிக்கை இல்லியா?

தங்கை: அதுக்கில்ல. வேண்டாம்.

தங்கை (மனதுக்குள்): சின்ன வயதில் இவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தால், அது நிஜமாகிவிடும் என்று நம்பினேன். எனக்குக் காய்ச்சல் வந்தபோது, "நாளைக்குச் சரியாயிடும், சத்தியம்" என்பாள். சரியாகிவிடும். இப்போது அந்தக் கை மேஜைமேல் தாளின் ஓரத்தை நிமிண்டிக்கொண்டிருக்கிறது. நகக்கண்ணில் மண். தோட்டத்து மண் கறுப்பு. இது வெள்ளையாக இருக்கிறது.

தங்கை: பெண் செடி பாறையில எந்தப் பக்கம், ஞாபகம் இருக்கா?

அக்கா: ஊத்து கசியற பக்கம். பாசிக்கு மேல, ஒரு வெடிப்பு இருக்கும் பாரு, அதுல ரெண்டு. நீயும் நானும் படுத்துட்டு எட்டிப் பார்த்தோமே. நீ காலைப் புடிச்சுக்கோ, காலைப் புடிச்சுக்கோன்னு கத்தினே.

தங்கை: நீ புடிச்சுட்டிருந்தே.

அக்கா: விட்டிருந்தா இப்ப இந்த வம்பு இருந்திருக்காது.

தங்கை: ...இப்ப காய் இருக்குமாக்கா?

அக்கா: இருக்கும். முத்தற காலம்தான். போத்தோட காயையும் பறிச்சுட்டு வந்துடறேன். இந்தத் தடவை விதையும் போட்டுப் பாக்கலாம். நீ கூட வா. ரெண்டு பேரும் போலாம்.

தங்கை: நானும் வரவா?

அக்கா: வேண்டாம், உனக்கு மூச்சு வாங்கும். நானே போயிக்கறேன்.

தங்கை: வேற ஏதாவது சொல்லணுமா எங்கிட்ட?

அக்கா: வேற என்ன இருக்கு? எல்லாம் கொட்டிட்டேன். வயித்தில ஒண்ணு மிச்சம் இல்ல.

தங்கை: நிஜமா?

அக்கா: எத்தனை தடவைடீ கேப்பே? போடு. நேரமாகுது... ஏன் மூடியைப் போட்டே? பேனா எழுதலியா? ஏய்... சுண்டு... என்னைப் பாரு. போட மாட்டியா?

தங்கை: இல்லக்கா. ஞாயித்துக்கிழமை நான் மேல போனேன். மூணாவது வளைவுல பாறை இல்ல. வெடி வெச்சு எடுத்துட்டாங்க, மலை வெள்ளையாத் தெரியுது. கீழ கொட்டிக் கெடந்த கல்லுல தேடினேன், ஒரு இலைகூடக் கெடைக்கல. அங்க காவல் இருக்கிற பெரியவர் என்னையே பார்த்துட்டிருந்தார். "முந்தாநாள் உங்க ஜாடையில ஒரு அம்மா வந்தாங்க, அவங்களும் இப்படித்தான் இருட்டற வரைக்கும் கல்லைப் புரட்டிப் புரட்டித் தேடினாங்க, அப்புறம் அந்தக் கல்லு மேலயே உக்காந்து அழுதாங்க"ன்னு சொன்னார். நீயா சொல்லுவேன்னுதான் இவ்வளவு நேரம் பேசிட்டிருந்தேன். சொல்லியிருந்தாலும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன்க்கா... சேர்ந்து அழுதிருப்பேன்.